மருளி தின்ற நிம்மதி உருண்டை

மூங்கில் காட்டுக்கு நடுவே ஒரு தாமரைக் குளம் இருந்தது. குளத்தை ஒட்டிய புல்வெளியில் ஒரு புள்ளிமான் கூட்டம் மேய்ந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் மருளி என்று ஒரு பெண்மான் இருந்தாள்.

பேருக்கு ஏற்ற மான்தான்! சருகு உருண்டால் மருளி துள்ளுவாள். தவளை குளத்தில் குதித்தால் இவளும் குதிப்பாள். காற்று திசை மாறினால் போதும், மூக்கை உயர்த்தி மோப்பம் பிடிப்பாள். அடுத்த நொடி முன்காலால் தரையை ஓங்கி உதைப்பாள்.

"ஓடுங்க! ஓடுங்க!"

கூட்டம் வாயில் வைத்த புல்லைத் துப்பிவிட்டு ஓடும். மூச்சிரைக்க நின்று திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒன்றும் இருக்காது. ஒரு காட்டுக்கோழி சாவகாசமாகச் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்.

உண்மையாகவே ஆபத்து வந்த நாள்களும் உண்டு. ஆனால் அன்றெல்லாம் எல்லோரும் தப்பித்துவிட்டார்கள். தப்பித்துவிட்டதால், ஆபத்து எவ்வளவு அருகில் வந்தது என்பதே யாருக்கும் தெரியவில்லை. வீணாக ஓடிய ஓட்டங்கள் மட்டும்தான் எல்லோர் நினைவிலும் இருந்தன.

மருளிக்குத் தாழை என்று ஓர் அக்கா. குட்டியாக இருந்தபோது பாறை இடுக்கில் மாட்டி, தாழையின் பின்னங்கால் ஒன்று கோணிப்போயிருந்தது. கூட்டம் ஓடும்போது அவள்தான் எப்போதும் கடைசி. நொண்டி நொண்டி வந்து சேர்வாள். ஆனாலும் தங்கையை ஒரு வார்த்தை கடிந்ததில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், ஏதோ மளமளவென்று முறியும் சத்தம் கேட்டது. மருளி தரையை உதைத்தாள். கூட்டம் பறந்தது. தாழையும் ஓடினாள். சேற்றில் கோணல் கால் வழுக்கி, முகம் குப்புற விழுந்தாள்.

முறிந்தது ஒரு பட்ட முருங்கைக் கிளை. வேறொன்றும் இல்லை!

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஒரு மான் சீறியது.

"உன்னால ஒரு வாய் நிம்மதியா மேய முடியுதா எங்களால?" என்றது இன்னொன்று.

கூட்டத்தின் தலைவர் நெடுங்கொம்பர்கூட அலுப்போடு தலையை ஆட்டினார். "பயத்துக்கும் ஓர் அளவு வேணும், மருளி!"

தாழை சேற்றை உதறிக்கொண்டு எழுந்தாள். முழங்காலில் ரத்தம் கசிந்தது. "ஒண்ணுமில்லைடி. கழுவினா போயிடும்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் மருளியை அதிகம் சுட்டது. 'என் பயத்துக்கு அக்கா அடிபடுகிறாளே!' என்று குளத்தங்கரை மறைவில் நின்று அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் சாந்தப்பன் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தான்.

சாந்தப்பன் ஒரு மரநாய். மினுமினுவென்று முடி, நீண்ட வால், தேன் குழைத்த பேச்சு. அந்தி சாயும் நேரத்தில் குளத்தங்கரை அத்திமரத்தின் தாழ்ந்த கிளையில் வந்து உட்காருவான். பக்கத்தில் ஒரு தேக்கிலைப் பொட்டலம். பொட்டலத்துக்குள் கறுப்புக் கறுப்பாக உருண்டைகள்.

"வாங்க, வாங்க! தின்னா உடம்புக்குள்ள ஒரு நோய் நுழையாது! முடி மின்னும்! குளம்பு இறுகும்! மனசு குளிரும்! தூக்கம் தேடிக்கிட்டு வரும்!"

குழிமுயல் ஒன்று கேட்டது: "ஒவ்வொண்ணுக்கும் ஓர் உருண்டையா?"

"எல்லாத்துக்கும் ஒரே உருண்டை!"

"எனக்குத்தான் நோயே இல்லையே, அண்ணே?"

"அதான் தம்பி விஷயமே! நோய் வந்தப்புறம் தின்னா அது மருந்து. வராதப்பவே தின்னா இது!"

முயலுக்கு அது பெரிய ஞானமாகத் தெரிந்தது. பழங்களைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு உருண்டையை வாங்கிக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் காட்டுப்பன்றி வந்தது. அணில்கள் வந்தன. அத்திமரத்தடியில் நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது.

மருளி ஓர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கூட்டம் கலைந்ததும் தயங்கித் தயங்கி அருகே போனாள்.

"பயத்துக்கு ஏதாவது இருக்கா?"

சாந்தப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "பாவம், உன் காது நிக்காம ஆடுதே! ராத்திரி கண்ணை மூடினா கொம்பும் பல்லுமா வருதா?"

"வருது."

"எது அசைஞ்சாலும் நெஞ்சு அடிச்சுக்குதா?"

"ஆமாம்! ஆமாம்!"

"ரொம்ப முத்திப்போச்சு. தினம் அந்தியில ஒண்ணு தின்னு. நிறுத்திடாதே!"

தனக்கு இருப்பது ஒரு நோய் என்று மருளிக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பெயர் இல்லாவிட்டால் என்ன, மருந்து இருக்கிறதே! இருந்தாலும் ஒரு சந்தேகம் வந்தது.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"வேர், பட்டை, கிழங்கு, விதை. எல்லாம் நம்ம காட்டுல விளைஞ்சதுதான். சுத்த இயற்கை! இயற்கையில கெட்டது உண்டா?"

மருளி யோசித்துப் பார்த்தாள். அக்காவின் முழங்கால் காயம் கண்ணுக்குள் நின்றது. தன் வாய்க்கு வைத்திருந்த நெல்லிக்கனிகளையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தாள். உருண்டையை விழுங்கினாள். கசந்தது.

மறுநாள் காலை ஒரு பனங்காய் தொப்பென்று விழுந்தது. கூட்டமே ஒரு கணம் மருளியைத் திரும்பிப் பார்த்தது. மருளி நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து மேய்ந்தாள்.

"அட!" என்றார் நெடுங்கொம்பர்.

அன்றிலிருந்து புல்வெளியில் ஓட்டமே இல்லை. மான்கள் வயிறு முட்ட மேய்ந்தன. நிழலில் படுத்து அசைபோட்டன. மருளியின் தோலில் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. ஏசிய மான்களெல்லாம் இப்போது பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டன.

"எவ்வளவு மாறிட்டா பாரேன்!"

"இப்படித்தான் இருக்கணும்!"

மருளிக்கு உள்ளுக்குள் எல்லாம் பஞ்சு மாதிரி இருந்தது. சத்தங்கள் எங்கோ தொலைவிலிருந்து வந்தன. வாசனைகள் வந்து போயின, ஆனால் எதுவும் அவளைத் தொடவில்லை. இதுதான் நிம்மதி போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

தாழை ஒருநாள் தங்கையின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். "நல்லா தூங்குறியா?"

"தூங்குறேன்க்கா."

"உன் கண்ணுதான் என்னமோ மாதிரி இருக்கு. என்னைப் பார்க்குற, ஆனா பார்க்காத மாதிரி இருக்கு."

"நீ ஓடி விழாம இருக்கியே, அது போதும் எனக்கு."

தாழை அதற்கு மேல் கேட்கவில்லை. தங்கைக்காவது ஆறுதல் கிடைத்ததே என்று விட்டுவிட்டாள்.

வெயில் சாய்ந்த ஒரு நேரம். அக்காவும் தங்கையும் கூட்டத்தைவிட்டுச் சற்று விலகி, மூங்கில் புதர் ஓரமாக இளம்புல் மேய்ந்துகொண்டிருந்தார்கள். காற்று திரும்பியது. மருளியின் மூக்குக்கு ஒரு வாடை வந்தது.

அது சிறுத்தையின் வாடை. அவளுக்கு அது நன்றாகவே தெரியும். முன்பென்றால், மனம் அதற்குப் பெயர் வைப்பதற்குள் கால் தரையை உதைத்திருக்கும். இப்போது கால் அப்படியே நின்றது. 'சிறுத்தை போலிருக்கிறது' என்று நினைத்தாள். ஒரு கொத்துப் புல்லைக் கடித்தாள். மென்றாள்.

தங்கையின் மூக்கு நுனி லேசாகத் துடிப்பதைத் தாழை பார்த்துவிட்டாள்.

"என்னடி, ஏதாவது வாடை வருதா?"

"சிறுத்தை வாடைதான்க்கா."

"என்னது!"

"அந்த மூங்கிலுக்குப் பின்னாடி இருக்கு. கொஞ்ச நேரமா வருது."

தாழை அலறினாள். கோணல் காலை ஊன்றி, முன்காலால் தரையை உதைத்தாள். "ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!"

கூட்டம் சிதறிப் பறந்தது. மருளி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். தாழையும் ஓடவில்லை. தங்கையின் விலாவில் தலையைக் கொடுத்து முட்டித் தள்ளினாள்.

"ஓடுடி! மருளி, ஓடு!"

ஒரு முறை முட்டினாள். மறுபடியும் முட்டினாள். மருளி தள்ளாடி நாலு அடி நகர்ந்தாள். அதற்குள் மூங்கில் விலகியது. மஞ்சளாக ஏதோ பாய்ந்தது.

மருளி திரும்பிப் பார்த்தபோது அக்கா நின்ற இடத்தில் நசுங்கிய புல் மட்டும் கிடந்தது. புதருக்குள் எதையோ இழுத்துச் செல்லும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

மருளி மெல்ல நடந்தே கூட்டத்திடம் போய்ச் சேர்ந்தாள்.

"தாழை எங்கே?" என்று கேட்டார் நெடுங்கொம்பர்.

"சிறுத்தை கொண்டுபோயிடுச்சு."

மழை பெய்தது என்று சொல்வதுபோல அவள் அதைச் சொன்னாள். மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நீ பார்த்தியா?"

"முன்னாடியே மோந்தேன்."

"மோந்துட்டுமா கத்தலை?"

"கத்தணும்னு தோணலை, தலைவரே."

இத்தனை நாள் பக்கத்தில் வந்து படுத்த மான்களெல்லாம் ஓரடி பின்வாங்கின. மருளி தலை குனிந்து தண்ணீர் குடித்தாள். அன்று அத்திமரத்தடிக்குப் போக வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வெயில் ஏறும்போது பஞ்சு விலகத் தொடங்கியது. முதலில் காது திறந்தது. பிறகு மூக்கு. பிறகு நெஞ்சு.

தாமரை இலையிலிருந்து ஒரு நீர்ச்சொட்டு விழுந்தது. மருளி துள்ளிக் குதித்தாள். குதித்த வேகத்தில் பழக்கம்போல அக்காவின் பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. அக்கா தன்னை முட்டித் தள்ளிய விலா வலித்தது. அந்த வலி இப்போதுதான் வந்தது. "அக்கா!" என்று அவள் கதறிய கதறலில் குளத்து நாரைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

அழுது அழுது புல்லில் சரிந்து கிடந்தாள். அந்தியில் எழுந்து, தள்ளாடியபடி அத்திமரத்தடிக்குப் போனாள்.

சாந்தப்பன் அவளைக் கண்டதும் வாலை ஆட்டினான். "வா, வா! நேத்து வரலையே! நான்தான் நிறுத்தாதேன்னு சொன்னேனே!"

"என் அக்கா போயிட்டா."

"அடடா!"

"சிறுத்தை வந்தது தெரிஞ்சும் என் கால் ஓடலை. உன் உருண்டையாலதான்!"

சாந்தப்பன் முகத்தைச் சாந்தமாகவே வைத்துக்கொண்டான். "நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? நிம்மதின்னுதானே? நிம்மதி கிடைச்சதா, இல்லையா?"

மருளி தலை குனிந்தாள். கிடைத்ததுதானே!

அவன் பொட்டலத்தைப் பிரித்து ஓர் உருண்டையைக் கிளையின் நுனிக்கு உருட்டிவிட்டான். அது அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"துக்கத்துக்கும் இதேதான். பழம்கூட வேண்டாம், சும்மா தின்னு. இப்பவே ஆறிடும்."

மருளி அந்த உருண்டையைப் பார்த்தாள். தின்றால் வலி நின்றுவிடும், அது அவளுக்குத் தெரியும். அக்கா போனது யாருக்கோ நடந்த விஷயம் மாதிரி ஆகிவிடும். அவளுடைய நாக்கில் எச்சில் ஊறியது. வாயைக்கூடத் திறந்தாள்.

பிறகு மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்."

"ஏன்?"

"அவளுக்காக ஓட முடியலை. அழவாவது செய்யறேன். அதையும் உன்கிட்டே கொடுக்க மாட்டேன்!"

"உன் இஷ்டம்" என்றான் சாந்தப்பன். அவள் பின்னால் வரிசையில் நின்ற காட்டுப்பன்றியைப் பார்த்து, "அடுத்து யாரு?" என்றான்.

மருளி திரும்பி நின்று, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தாள். "இதுல என்ன இருக்குன்னு கேளுங்க! காட்டுல விளைஞ்சதுன்னா நல்லதாயிடுமா? விஷக்காயும் காட்டுலதானே விளையுது!"

சிலர் தயங்கித் திரும்பிப் போனார்கள். சிலர், "பாவம், அக்கா போன துக்கத்துல பேசுறா" என்று சொல்லி, அவளைச் சுற்றிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்கள். முயல் அவள் முகத்தைப் பார்க்காமலே தன் உருண்டையை வாங்கிக்கொண்டு போயிற்று.

மருளிக்குப் பழைய பயம் திரும்பி வந்தது. சருகு உருண்டால் துள்ளினாள். காற்று திரும்பினால் தரையை உதைத்தாள். இப்போது யாரும் ஏசவில்லை. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் கூட்டம் மொத்தமும் ஓடியது. மூச்சிரைக்க நின்ற பிறகு, "நல்லவேளை!" என்று நெடுங்கொம்பர் அவளிடம் வந்து சொல்வார்.

ஆனால் ஒவ்வொரு முறை ஓடி நின்றதும் மருளி வந்த வழியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்தும், நெடுநேரம் அப்படியே நிற்பாள்.

இல்லாத நோய்க்கு, என்னவென்று தெரியாத மருந்தைத் தின்றால், உடம்பு தன்னைத் தானே காத்துக்கொள்ள வைத்திருக்கும் காவலையும் இழக்க வேண்டிவரும்.