சலங்கை ஆடிய நாற்பது சுற்று

மலைச்சரிவில் ஒரு தான்றி மரம். அதன் பொந்தில் தேனீக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. கீழே காப்பித் தோட்டம். சற்றுத் தள்ளி, ஓடைக்கரையில் நாவல் மரங்கள்.

அந்தக் கூட்டில் நாச்சி என்று ஒரு தேனீ. பிறந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. பூவுக்குப் போகும் வயசு இன்னும் வரவில்லை. தேனோடு வரும் அக்காமார்களிடம் வாசலில் நின்று நாக்கால் வாங்கி, அறையில் கொண்டுபோய் ஊற்றுவது அவள் வேலை.

கூட்டின் நிலைமை நன்றாக இல்லை. மேலே ஒரு விரல் அகலத்துக்குத்தான் தேன் இருந்தது. கீழே மூன்று தேனடை நிறைய, நாளை தேனீயாக வேண்டிய புழுக்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. மழை பிடித்துவிட்டால் யாரும் வெளியே போக முடியாது. தேன் போதவில்லை என்றால் புழுக்களைத் தூக்கி வெளியே போட வேண்டியதுதான்; தேனீக்களின் வழக்கம் அப்படி. அதை நினைத்து நாச்சி இன்னும் வேகமாக ஓடி ஓடி ஊற்றுவாள்.

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. பத்தாம் நாள் காப்பித் தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்தது. அதை முதலில் பார்த்து வந்தவள் சலங்கை. ஆட்டத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, அதனால்தான் அந்தப் பெயர்.

தேனீக்கள் பூ இருக்கும் இடத்தை வாயால் சொல்வதில்லை. அடையின்மேல் ஆடித்தான் காட்டும். சுமாரான பூவுக்கு நாலைந்து சுற்று, நல்ல பூவுக்குப் பத்துச் சுற்று. சலங்கை அன்று நாற்பது சுற்று ஆடினாள்!

அவள் பொய் சொல்லவில்லை. காப்பிச் செடி கெட்டிக்காரச் செடி. தன் கசப்பில் ஒரு துளியைத் தேனில் கலந்து வைத்திருக்கும். நாக்குக்கு அது தெரியாது, தலைக்குத்தான் ஏறும். குடித்தவளுக்குச் சுறுசுறுப்பு வரும், அந்த இடம் மறக்கவே மறக்காது, வயிற்றுத் தேன்பையில் கால்வாசி இருந்தாலும் முழுப் பையாகத் தோன்றும். காலையில் எழுந்ததும் டம்ளரைத் தேடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாற்பது சுற்றைப் பார்த்துக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்துக்குப் பறந்தார்கள்; நாவல் மரத்துக்கே போனவர்கள் சிலர்தான். தோட்டத்துக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து ஆடினார்கள். ஒரே கொண்டாட்டம்.

நாச்சியும் இதில் தப்பவில்லை. வாங்கும்போது அவள் நாக்கிலும் அந்தக் கசப்பு பட்டதல்லவா? சலங்கையின் இறக்கைச் சத்தம் கேட்டதும் முதல் ஆளாக ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில், பை நிறைய நாவல் தேனோடு நின்ற ஒருத்தியை இடித்துத் தள்ளிவிட்டே போனாள். அவளை எல்லாரும் உருண்டை என்று கூப்பிடுவார்கள். உருண்டை ஆடுவது பத்தே சுற்று. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

மூன்றாம் நாள் காப்பிப் பூ பழுப்பேறிக் கருகிவிட்டது. சலங்கை விடவில்லை. கருகிய பூவிலேயே மூக்கை நுழைத்துவிட்டு வந்து, மறுபடியும் ஆடத் தயாரானாள்.

அன்று புழுக்களுக்கு ஊட்டுகிறவள் நாச்சியிடம் வந்து தேன் கேட்டாள். நாச்சி பெருமையோடு தன் அறையைத் திறந்து காட்டினாள். மூன்று நாளாக ஓடி ஓடி ஊற்றிய அறையில் அடி மட்டும் நனைந்திருந்தது. ஊட்டுகிறவள் கடைசி வரிசைப் புழுக்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

நாச்சிக்கு அழுகை முட்டியது. பிறகு தன்மேலேயே கோபம் வந்தது. கத்திப் பிரயோஜனம் இல்லை. ஆடாதவள் பேச்சு அந்தக் கூட்டில் எடுபடாது. ஆனால் அவளிடம் ஒரு வழி இருந்தது. தேனோடு வந்தவளிடம் உடனே வாங்கினால்தான் வந்தவள் ஆடப் போவாள். காக்க வைத்தால் ஆட மாட்டாள். இது எல்லாத் தேனீக்கும் பொது.

சலங்கை வந்து முன்னால் நின்றாள். நாச்சியின் நாக்கு துடித்தது. அவள் அதைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டாள்.

"என்னடி நிக்கிற? நாக்க நீட்டு, நான் ஆடப் போகணும்!"

"கொஞ்சம் பொறு அக்கா. உருண்டை அக்காகிட்ட வாங்கிட்டு வர்றேன்."

"பத்துச் சுத்து ஆடுறவகிட்டயா?"

"அவ பை நிறைஞ்சிருக்கு அக்கா. உன் பையை நீயே பாரு."

உருண்டையின் தேனை வாங்கி முடிக்க நேரம் பிடித்தது. அறை பாதி நிறைந்தது. அதைப் பார்த்து, தேன் வாங்க வாசலில் நின்ற மற்றவர்களும் நாவல் தேன்காரிகளிடம் போனார்கள். சலங்கை வாங்க ஆளில்லாமல் நின்றாள். நிற்க நிற்கக் காலின் துடிப்பு அடங்கியது. அப்புறம்தான் தன் பையைப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட இல்லை.

மறுநாள் அவளும் நாவல் மரத்துக்குப் போனாள். வந்து பத்துச் சுற்று ஆடினாள், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

மழை பிடிப்பதற்குள் மேல் அடை நிறைந்துவிட்டது. இரண்டரை அடைப் புழுக்கள் பிழைத்தன. காப்பிக்குப் போன மூன்று நாள் பட்டினியில் கடைசி வரிசைகள் மட்டும் போய்விட்டன; அவற்றை வாசல்வரை தூக்கி வந்தவள் நாச்சிதான்.

ஒருவர் எத்தனை சுற்று ஆடுகிறார் என்று பார்க்காமல், பையில் என்ன கொண்டுவந்தார் என்று பார்த்த பிறகே அவர் பின்னால் போக வேண்டும்.