மிதியடியும் டயர் செருப்பும்

மலையில் சாரல் இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் மாசிலாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சுனை மடத்தில் சாரல் என்றால் திருவிழா. அடிவாரத்து ஊரில் அந்த வருஷம் முதலில் பிறந்த பிள்ளையை மடத்துச் சீடர் ஒருவர் தூக்கிக்கொண்டு கற்படிகளில் இறங்க வேண்டும். கீழே சுனையில் அதன் பாதத்தை நனைத்து, மறுபடி ஏறி வந்து பெற்றவள் கையில் கொடுக்க வேண்டும். கால் நனைப்பு என்று அதற்குப் பெயர். பெற்றவள் இறங்கக் கூடாது, மேலேயே நிற்க வேண்டும். தூக்குகிறவர் மடத்தை நிறுவிய பெரியவரின் கட்டை மிதியடியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் அந்தப் பாக்கியம் மாசிலாமணிக்கு!

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போன பிறகு மடமே கதி என்று வந்துவிட்டார். ஆள் தேக்கு மரம் மாதிரி. அவருடைய குரு அவரைவிட வயதில் ரொம்ப இளையவர். நாச்சியார் என்று பெயர். எல்லோருக்கும் அம்மை.

அம்மை அதிகம் பேசமாட்டார். யாராவது வழுக்கி விழுந்தால் தூக்கி உட்கார வைப்பார், அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்ப்பார், அப்புறம் விழுந்தவரின் செருப்பைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். சமையல்காரர் பிச்சாண்டி குளியலறை வாசலில் விழுந்துவிட்டு, ஏழரைச் சனி படுத்துகிறது என்று புலம்பியபோதும் அப்படித்தான்.

"சனி நல்லாத் தேய்ஞ்சிருக்கு, பிச்சாண்டி" என்று செருப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சந்தைக்குப் போகிற அன்று அம்மை ஒரு காரியம் செய்தார். பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து மாசிலாமணியை அதன்மேல் நிற்கச் சொன்னார். கரித்துண்டால் அவர் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாசிலாமணி அடுப்படிக்கு ஓடினார்.

"பிச்சாண்டி! அம்மை என் பாதத்தை வரைஞ்சு எடுத்துட்டுப் போறாவ!"

"எதுக்கு, ஏட்டய்யா?"

"எதுக்கா? குருவே சீடன் பாதத்தை எடுக்குதாவன்னா சும்மாவா?"

"போலீஸ்காரங்கதான் ரேகை எடுப்பாவ. இப்ப போலீஸ்காரருக்கே எடுக்குதாவளா?" என்றபடி பிச்சாண்டி வெங்காயத்தை உரித்தார்.

மாசிலாமணி அதைக் காதில் வாங்கவில்லை. அன்று முழுக்கத் தன் காலையே பார்த்துக்கொண்டு திரிந்தார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் பிள்ளையின் தாய் வந்தாள். இசக்கியம்மாள். சின்னப் பெண். பிள்ளையைத் தோளில் போட்டு, அதன் முதுகில் கையை அழுத்தி வைத்திருந்தாள். மாசிலாமணி கை நீட்டியும் கொடுக்கவில்லை.

"அண்ணாச்சி, பிள்ளைய விட்டுற மாட்டியள்லா?"

"நல்லாக் கேட்ட போ! கலவரத்துல அடிபட்ட ஆளையே தோள்ல போட்டுட்டு ஓடினவன்மா நான்."

"அப்ப பூட்ஸ் போட்டிருந்திருப்பிய."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது.

"நம்ம வீட்டு வாசப்படியில இறங்கக்கூட எனக்குப் பயமா இருக்கு, அண்ணாச்சி" என்றாள். "நெல்லுக் கொட்டுனா வழுக்குமோ, தண்ணி சிந்தியிருக்குமோன்னு பாத்துப் பாத்துத்தான் கால வைக்கேன். போன வருஷம் தூக்கினவரு பாசிப்படியில விழுந்தாருல்லா? அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல, சரி. அவரு தோள் எலும்பு முறிஞ்சதே?"

"அவருக்குக் கவனம் சிதறிட்டும்மா. அவரே சொல்லி அழுதாரு."

"எதுக்கு அண்ணாச்சி கட்டை மிதியடி? வேற எதையாவது போட்டா ஆகாதா?"

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கதையைச் சொல்வதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை.

"எம்மா, அது சாதாரண மிதியடியா? பெரியவர் தினம் விடியக்காலம் சுனைக்கு இறங்கிக் குளிப்பாராம். ஒரு நாள் குளிச்சவரு இந்தப் பக்கம் ஏறல. எதிர்க்கரையில ஏறி மலைக்குள்ள நடந்து போயிட்டாரு. விறகு பொறுக்க வந்தவங்க கண்ணால பாத்திருக்காங்க. சீடருங்க ஓடி வந்து பாத்தா, மேல்படியில மிதியடி மட்டும் ஜோடியா இருக்கு! அன்னையிலருந்து அதுதான் நமக்குப் பெரியவரு."

இசக்கியம்மாள் கும்பிட்டாள். கும்பிட்ட கை உடனே பிள்ளையின் முதுகுக்குத் திரும்பிவிட்டது.

அவள் போன பிறகு மாசிலாமணி அம்மையைத் தேடிப் போனார். அம்மை பூசணிக்காய்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மை, நாளைக்கு இறங்கையில மனசுல என்ன இருக்கணும்?"

"கால்ல என்ன இருக்கப் போகுது?"

"மிதியடி."

"ம்."

"மனசு முழிச்சிருந்தா கால் வழுக்காதுன்னு சொல்லுதாவளே, அம்மை."

"போன வருஷம் விழுந்தவரு என்ன சொன்னாரு?"

"மனசு தூங்கிட்டுன்னு சொன்னாரு."

"பாசிய ஒண்ணும் சொல்லலியா?"

அம்மை ஒரு பூசணிக்காயை எடுத்து அவர் கையில் வைத்தார். பால் குடிக்கிற பிள்ளையின் கனம்தான் இருந்தது. பழகுவதற்கென்று மடத்தில் கிடந்த வேறொரு கட்டை மிதியடியையும் எடுத்து அவர் முன்னால் போட்டார்.

"சுனை வரைக்கும் போயிட்டு வாங்க. நல்லா முழிச்சிட்டே போங்க."

மாசிலாமணிக்கு உற்சாகம் பொங்கியது. சோதனை! இதற்காகத்தானே காத்திருந்தார்! பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மிதியடியின் குமிழைப் பிடித்துக்கொண்டு, டக் டக் என்று இறங்கினார். கண் இமைக்கவில்லை. மூச்சை எண்ணினார். குருவை நினைத்தார், பெரியவரை நினைத்தார்.

பாசிப்படியில் குமிழைப் பிடித்த விரல்பிடி விடவில்லை. கட்டைதான் காலையும் இழுத்துக்கொண்டு முன்னால் போனது.

'தடால்!'

பூசணிக்காய் ஒவ்வொரு படியாக உருண்டு, சுனை ஓரத்துப் பாறையில் மோதிச் சிதறியது. விதையும் நாருமாகத் தண்ணீரில் மிதந்தது.

"ஐயோ, நாளைக்குச் சாம்பாருக்கு வச்சிருந்தேன்!" என்று மேலே பிச்சாண்டி கத்தினார்.

மாசிலாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அம்மை, இன்னொண்ணு குடுங்க! எங்க தப்புன்னு தெரிஞ்சு போச்சு!"

அம்மை கொடுத்தார். இந்தத் தடவை பாசிப்படியை ஓரமாகத் தாண்டினார். போனார், பூசணிக்காயைச் சுனையில் நனைத்தார், ஏறி வந்தார். முகமெல்லாம் பல்.

"பாத்தியளா, அம்மை? முழுசாக் கொண்டாந்துட்டேன்!"

அம்மை அந்தப் பூசணிக்காயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு உடைஞ்சுது. ஒண்ணு வந்துது. இசக்கி பிள்ளை இதுல எது, அண்ணாச்சி?"

மாசிலாமணியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் ஊரே படிக்கட்டின் உச்சியில் கூடிவிட்டது. மேளம் காதைப் பிளந்தது. சாரல் பூப்போல விழுந்துகொண்டே இருக்க, படிகள் எண்ணெய் தடவியதுபோல மின்னின. இசக்கியம்மாள் பிள்ளையை மாசிலாமணியின் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அவள் விரல்கள் பிள்ளையின் சட்டையை விடவில்லை. யாரோ ஒரு கிழவி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள்.

மேல்படியில் பட்டுத்துணி விரித்துப் பெரியவரின் மிதியடியை வைத்திருந்தார்கள். அம்மை அதை விழுந்து வணங்கினார். பிறகு பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து, மிதியடிக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தார்.

ஒரு ஜோடி டயர் செருப்பு.

சந்தையில் மாட்டுவண்டிக்காரர்கள் வாங்குகிற செருப்பு. கறுப்பு. அடியில் லாரிச் சக்கரத்தின் வரிகள் ஆழமாக ஓடின. குதிகாலைச் சுற்றிப் பிடிக்கப் பின்வார். பிரித்த தாளில் கரிக்கோட்டில் ஒரு பெரிய பாதம். அது யாருடையது என்று மாசிலாமணிக்குத் தெரிந்துவிட்டது.

கூட்டம் சலசலத்தது. மேளம் தானாக நின்றது.

"என்ன அம்மை இது?" என்றார் ஊர்த் தலைவர். "செருப்பப் போட்டுட்டுச் சுனைக்கா? அதுவும் டயர் செருப்பா? வெறுங்காலோட இறங்கினாக்கூட ஒரு மரியாதை உண்டு."

"பாசிக்கு வெறுங்காலும் தெரியாது, தலைவரே. போன மாசம் குளிக்க வந்தவங்க படியில பாட்டில உடைச்சுட்டுப் போயிருக்காங்க. பொறுக்கினது போக மிச்சம் எங்க கிடக்குன்னு எனக்குத் தெரியல."

மாசிலாமணி இரண்டு ஜோடியையும் பார்த்தார். காலமெல்லாம் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுச் சலித்து, இனி வாரும் வேண்டாம் தோலும் வேண்டாம் என்று வந்தவர். இந்த மிதியடிக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பார்!

"அம்மை, எதைப் போட?"

"என்னை ஏன் கேக்கிய? கையில இருக்கவனக் கேளுங்க."

பிள்ளை கொட்டாவி விட்டது. அதன் உள்ளங்கால் இளஞ்சிவப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல், இன்னும் எந்த மண்ணையும் மிதிக்காமல் இருந்தது.

மாசிலாமணி பிள்ளையோடு மேல்படியில் உட்கார்ந்தார். ஒரு கையால் டயர் செருப்பைப் போட்டார். பின்வாரைக் குனிந்து இழுத்து மாட்டியது இசக்கியம்மாள்தான். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அவர் இறங்கினார். மூச்சை எண்ணவில்லை. படியைப் பார்த்தார், காலை வைத்தார், அது பிடித்த பிறகு அடுத்த காலை எடுத்தார். பாசிப்படி வந்தது. இடது கால் லேசாகச் சறுக்கியது. இசக்கியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். வரிகள் கல்லைக் கவ்வின, வார் குதிகாலை இறுக்கியது. மாசிலாமணி நின்றார். மூக்கு நுனியில் சாரல் சொட்டியது. அடுத்த படியில் கால் வைத்தார்.

சுனையில் பாதம் பட்டதும் பிள்ளை வீறிட்டுக் கத்தியதே, அது மலைக்கே கேட்டிருக்கும்! பெண்கள் குலவையிட்டார்கள். மேளக்காரர்கள் எங்கே விட்டோம் என்று தெரியாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் அடித்தார்கள். பிச்சாண்டி மழையில் துண்டைச் சுழற்றி ஆடினார்.

"ஏட்டய்யா! பாத்து வாங்க, பூசணிக்கா மிச்சமில்ல!"

மாசிலாமணி ஏறி வந்து பிள்ளையைத் தாயிடம் கொடுத்தார். அவள் முதலில் பிள்ளையை முகர்ந்தாள். பிறகு சட்டென்று குனிந்து, சேறு அப்பிய அந்தச் செருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஊர்த் தலைவருக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "பிள்ளை வந்துட்டான், சந்தோஷம். ஆனா பெரியவர் வழிய விட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அந்தப் பேச்சு மாசிலாமணியின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. கூட்டம் கலைந்த பிறகு, பட்டுத்துணியோடு மிதியடியை எடுத்துக்கொண்டிருந்த அம்மையிடம் போய் நின்றார்.

"அம்மை, நாம பெரியவர் வழிய விட்டுட்டமா?"

அம்மை மிதியடியில் விழுந்த சாரலைத் துடைத்தார்.

"இது நமக்கு எங்க கிடைச்சுது, அண்ணாச்சி?"

"மேல்படியில, அம்மை. ஜோடியா இருந்துது."

"அவரு?"

"சுனைக்கு இறங்கிப் போயிருந்தாரு."

அம்மை மிதியடியைப் பட்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

"கழட்டி வச்சுட்டு."