கூவுபாறையில் எல்லோரும் நலம்

ஒரு காட்டின் நடுவே கூவுபாறை என்றொரு பாறை இருந்தது, குழந்தைகளே. அதன்மேல் நின்று பேசினால் காடு முழுக்கக் கேட்கும்.

விடிந்தால் போதும், மயில் அதில் ஏறி, "இன்று என் தோகையைப் பார்த்தீர்களா?" என்று கேட்கும். குரங்கு தான் தின்ற பலாச்சுளையைப் பற்றி அளக்கும். முயல் தன் குட்டிகளின் குறும்பைச் சொல்லும். மற்ற விலங்குகள் "சபாஷ்!" என்று குரல் கொடுக்கும். அந்த ஒரு சொல்லுக்காகப் பாறையேறுபவை படாத பாடில்லை.

அந்தக் கோடையில் காட்டில் காய்ச்சல் வந்தது.

முதலில் முள்ளம்பன்றிதான் பாறையேறியது. அதற்கு ஒளிக்கத் தெரியாது. "எனக்கு உடம்பு கொதிக்கிறது. மேற்குக் குட்டையில் தண்ணீர் குடித்தேன், அதிலிருந்துதான்" என்றது.

யாரும் சபாஷ் சொல்லவில்லை. "ஐயையோ, கிட்டே வராதே!" என்று கத்தின. குரங்கு கல்லெடுத்து எறிந்தது. முள்ளம்பன்றி காட்டை விட்டே போயிற்று. அது சொன்ன குட்டையைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

அதன்பிறகு பாறையில் தோகைப் பேச்சும் இல்லை, பலாச்சுளைப் பேச்சும் இல்லை. "நலம்" என்ற ஒரே சொல்தான். மயிலுக்குக் காய்ச்சல், "நலம்" என்றது. குரங்குக்கு நிற்கவே முடியவில்லை. கிளையைப் பிடித்துக்கொண்டு "நலம்" என்றது.

முயல் இதைக் கேட்டது. "மேற்குக் குட்டையில் குடிக்கிற மயிலும் குரங்கும் நலமாகத்தானே இருக்கின்றன" என்று நம்பி, தன் குட்டிகளை அங்கே கூட்டிப்போனது.

இரண்டு குட்டிகளுக்கும் காய்ச்சல் கண்டது. கடைக்குட்டி செத்துப்போயிற்று.

சருகு அசைந்தாலே ஓடி ஒளியும் முயல், அன்று நேராகப் பாறையேறியது. "என் கடைக்குட்டி போய்விட்டது. மூத்தது படுத்துக் கிடக்கிறது. மேற்குக் குட்டையில்தான் குடித்தோம். கல்லெறிகிறவர்கள் எறியுங்கள். நான் சொல்லாமல் இறங்கமாட்டேன்."

பிறகு குரங்கு மெல்ல, "எனக்கும் காய்ச்சல்தான். நானும் அங்கேதான் குடித்தேன்" என்றது.

"எனக்கும்" என்றது மயில்.

"பிறகு ஏன் நலம் என்றீர்கள்?" என்று கேட்டது முயல்.

"கல்லெறிவார்களே என்று பயந்தேன்" என்றது குரங்கு.

"முள்ளம்பன்றியைக் கல்லால் அடித்ததே நீதானே!"

குரங்கு தலைகுனிந்தது.

அன்றே விலங்குகளெல்லாம் சேர்ந்து குட்டையை முள்வெட்டிப் போட்டு அடைத்தன. முயலின் மூத்த குட்டி பிழைத்துக்கொண்டது. காய்ச்சலும் மெல்ல மெல்லக் காட்டை விட்டு நீங்கியது.

குரங்கு இன்னமும் விடியற்காலையில் பாறையேறி, "முள்ளம்பன்றியே, திரும்பி வந்துவிடு!" என்று கூவுகிறது. காட்டுக்குள் எல்லோருக்கும் அது கேட்கிறது. முள்ளம்பன்றி காட்டுக்குள் இல்லை.

நீதி: நோயைச் சொன்னவரை விரட்டினால், அடுத்தவர் நோயை மறைப்பார்.