கொங்கமாட்டோவுக்குத் தெளிக்காத தண்ணீர்

அந்தக் காலத்தில் முதலையும் நாரையும்கூட மனிதர்களோடு வாய்ச்சண்டை போடும். ஆப்பிரிக்காவின் நடுவே, கவோண்டே மக்கள் மீன் பிடிக்கும் பெரிய சதுப்பில் அப்போது ஒரு பறவை இருந்தது. உடம்பில் இறகே கிடையாது. செக்கச்செவேலென்று தோல், வௌவால் சிறகு, அலகு நிறையப் பல். எல்லா உயிருக்கும் பெயர் வைத்த மனிதர்கள் அதற்கு மட்டும் வைக்கவில்லை. "ஏய்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு கோடையில் மீனெல்லாம் ஆழத்துக்குள் இறங்கிவிட, படகுகள் வெறுமனே திரும்பின. கசோமா என்ற படகோட்டிதான் பறவையிடம் பேரம் பேசப் போனான்.

"நீ சிறகை விரித்துத் தண்ணீர்மேல் நிழல் போடு. நிழலுக்கு மீன் மேலே வரும், நாங்கள் வலை போடுவோம். உனக்கு என்ன வேண்டும், சொல்."

"ஒரு பேர். உங்கள் பிள்ளைகளுக்குச் செய்வது மாதிரி ஊர் கூடி, வேர்ப்பட்டை ஊறிய தண்ணீரைத் தலையில் தெளித்து வைக்க வேண்டும்."

"அவ்வளவுதானா? முதல் மழையன்றே வைக்கிறோம். இது என் வாக்கு."

கோடை முழுக்கப் பறவை நின்றது. வெயிலில் தலையும் முதுகும் கொப்பளித்தும் சிறகை மடக்கவில்லை. ஊரே வயிறாரத் தின்றது.

மழை வந்தது. கசோமா ஒரு சுரைக்குடுவையில் வேர்ப்பட்டையை ஊறப்போட்டு எடுத்துக்கொண்டு ஊர்த்தலைவர் முலும்புவிடம் போனான். முலும்புவும் ஊராரும் அவரவர் படகில் ஏறித் தண்ணீரில் நின்றார்கள்; கசோமாவும் தன் படகில்தான் வந்தான்.

"பல் முளைத்த வௌவாலுக்கு நம் பிள்ளைகளின் தண்ணீரா? போடா!" என்றார் முலும்பு.

கசோமாவுக்குக் கோபம் உச்சிவரை ஏறியது. "தின்றதெல்லாம் அதன் நிழலில்! ஏப்பம் விட்டதும் பேச்சு மாறுகிறதோ? அதற்கு வாக்குக் கொடுத்தவன் நான், பெரியவரே!"

"உன் வாக்கு, உன் பாடு."

அதற்குள் பறவையே வந்து படகின் எதிரே நின்றது. ஆசையோடு தலையைக் குனிந்தது. முலும்பு துடுப்பால் சேற்றுத்தண்ணீரை வாரி அதன் தலையில் அடித்தார். "இந்தா, தெளித்தாயிற்று! உன் பேர் ஏய்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பறவை தலையை நிமிர்த்தியது. முலும்புவின் படகு முதலில் பிளந்தது. பிறகு ஒவ்வொன்றாக. சிரித்த வாய்களிலெல்லாம் சேறு புகுந்தது; தத்தளித்துக் கரையேறினார்கள். கடைசியில் கசோமாவின் படகு மட்டும் மிதந்தது.

"நீ ஏமாற்றவில்லை. உன் படகு இருக்கட்டும்" என்றது பறவை.

"என் அடுப்பில் வெந்ததும் உன் நிழலில் பிடித்த மீன்தான். ஊரோடு தின்றுவிட்டு நான் மட்டும் யோக்கியனா? உடை!" என்று கத்திக்கொண்டே குடுவையோடு தண்ணீரில் குதித்தான் கசோமா.

பறவை உடைத்தது.

மார்பளவுத் தண்ணீரில் நின்றபடி அவன் ஒரு இலைக்கொத்தை ஒடித்தான். குடுவையில் முக்கி, கொப்பளித்த அந்தச் சிவந்த தலையில் தெளித்தான்.

"கொங்கமாட்டோ" என்றான். படகுகளை உடைப்பவன் என்று அர்த்தம். "நல்ல பேர் ஒன்று மனசில் வைத்திருந்தேன். இவர்கள்தான் உனக்கு இதைச் சம்பாதித்துக் கொடுத்தார்கள்."

பறவை அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தது. மனிதர்கள் காதில் விழுந்த அதன் கடைசிப் பேச்சு அதுதான்.

அன்று முதல்தான் அந்தச் சதுப்பைக் கடக்கிற எவனும், எத்தனை பெரிய ஆளானாலும், வேர்ப்பட்டைத் தண்ணீரை இலைக்கொத்தால் தெளித்துத் தெளித்துக்கொண்டே நடுநடுங்கிப் படகு தள்ளுகிறான். ஒரே ஒரு தடவை மரியாதையாகத் தெளித்திருந்தால் முடிந்திருக்கும்.