தாமரை விரியும்வரை

கோவையில் ஓர் இணையதள நிறுவனம். அங்கே சேர்ந்து நாலு மாதமே ஆன அஞ்சுகத்துக்கு மேலாளர் தண்டபாணி என்றாலே பயம். ஓர் ஆஸ்பத்திரிக்காக அவர் வடிவமைத்த ஆம்புலன்ஸ் அழைக்கும் இணையப் பக்கத்தில் முதலில் ஒரு தாமரை மெல்ல விரியும்; பிறகுதான் மூலையில் பொடி எழுத்தில் அழைப்பு பட்டன் வரும். சோதித்துப் பார்த்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அது கண்ணிலேயே படவில்லை.

"தப்பு பேஜ்ல இல்ல, பார்க்கிறவங்ககிட்ட," என்று சீறினார் தண்டபாணி. "பேஜ்ல ஒரு புள்ளியைக்கூடத் தொடாதே. எல்லாருக்கும் புரியற மாதிரி வழிகாட்டி எழுது. மதியம் ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டரம்மா வர்றாங்க. அவங்க குறை சொன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

மதியம் டாக்டர் முன்னால் அஞ்சுகம் தான் எழுதிய தாளை எடுத்தாள். வாசித்தாள்.

"நெஞ்சு வலிக்கிறவர்கள் முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொள்ளவும். தாமரை விரியும்வரை இருபது நொடி வலியைப் பொறுத்துக்கொள்ளவும். மயங்கி விழுவதாக இருந்தால், பட்டனைக் கண்டுபிடித்த பிறகு விழவும்."

"என்ன திமிர் உனக்கு?" தண்டபாணி மேசையில் அறைந்தார்.

"பேஜை மாத்தக் கூடாதுன்னீங்க சார்," என்றாள் அஞ்சுகம். "அதான் நோயாளியை மாத்தப் பார்த்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, தாமரை விரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு நேரத்துல என் கண்ணு முன்னாலேயே உயிர் போயிருக்கு சார்," என்றார் தண்டபாணியிடம். "பூவை எடுங்க. பட்டன் எங்க இருக்கணும்னு இந்தப் பொண்ணு சொல்லட்டும்."