கோதுமை இலையில் கருகல் விழுந்த கதை

அந்தக் காலத்தில் பயிர்களுக்குப் பேச்சு இருந்தது. நின்று கேட்க மனிதருக்குப் பொறுமையும் இருந்தது.

மலைச்சரிவில் கெப்பி என்றொருத்தி கோதுமை போட்டிருந்தாள். கோதுமை இளகிய மனசுக்காரி. யார் வந்தாலும் உட்காரச் சொல்வாள். ஒரு மழைக்காலத்தில் காற்றோடு துரு என்னும் நோய் வந்து, "ஓரமா இருந்துக்கிறேன்" என்றது. இடம் கொடுத்தாள். இலையெல்லாம் செம்பொடி பூத்தது, கதிரெல்லாம் பதராயிற்று. அடுத்த வருடமும் அப்படியே. இந்த முறையும் பதரானால் விதைக்கு ஒரு மணிகூட மிஞ்சாது. பிள்ளைகளோடு மலையிறங்கிக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

விதைக்குச் செடி தேர்வதில் கெப்பிக்கு ஒரு வழக்கம். மாசுமறு இல்லாத இலையென்றால் விட்டுவைப்பாள். புள்ளி விழுந்திருந்தால் பிடுங்கி எறிவாள். வரப்போரச் செடிகளில் இலைக்கு இலை கடுகளவு கருகல். பிடுங்கிக்கொண்டே வந்தாள். நாலைந்து மிஞ்சியபோது ஒரு செடி பேசியது.

"போதும்மா, கையை எடு."

"உனக்கும் சீக்குதானே?"

"சீக்கு வந்துச்சு. அது உட்கார்ந்த இடத்தை நானே சாகவிட்டேன். செத்த இடத்துல அதுக்கு ஏது சோறு?"

"உன் உடம்பை நீயேவா?"

"கொஞ்சம்தானே."

"கோதுமைக்கு ஏது இந்தப் பிடிவாதம்?"

"அப்பன் வழி. நீ வருஷா வருஷம் வெட்டிப் போடுவியே, வரப்புல காட்டுப்புல்லு, அதுதான் எங்க அப்பன்."

கெப்பி அரை மனதாக அவற்றை விட்டுவைத்தாள். காற்று திரும்பியது. அவள் பொத்திப் பொத்தி வளர்த்த மாசற்ற செடிகளின் மேல் துரு வந்து இறங்கியது.

"வந்தவங்களை எப்படிம்மா போன்னு சொல்றது?" என்றன அவை. சில நாளில் வயல் முழுதும் சிவந்தது. வரப்போரச் செடிகளில் மட்டும் இன்னும் சில கருகல்கள், வேறொன்றுமில்லை.

வரப்போரச் செடியிடம் மட்டும் சோறு கிடைக்காமல் கிளம்பிய துரு அதனிடம் சொன்னது: "இந்த முகம்தானே உனக்குத் தெரியும்? வேற முகத்தோட வரேன்."

"வா. எங்கப்பன் வீட்டுல இன்னும் நிறைய ஆளுங்க இருக்காங்க" என்றது செடி.

பிடுங்கி எறிந்த செடிகள் வழியோரம் மக்கிக் கிடந்தன. ஒன்றாவது தேறுமா என்று கெப்பி அவற்றைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு மிஞ்சிய வரப்போரச் செடிகளின் கதிர்களை உதிர்த்தாள். ஒரு கைப்பிடி தேறியது. மறு வருடம் அதைத்தான் விதைத்தாள். வரப்புப் புல்லை வெட்டவில்லை.

அன்று முதல்தான் துருவை எதிர்த்து நிற்கும் கோதுமையின் இலையில் அந்தச் சின்னக் கருகல்கள். துருவும் விட்டபாடில்லை, முகம் மாற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் கோதுமை மாப்பிள்ளை தேடிக் காட்டுப்புல்லிடம் போகிறாள்.