பழைய ப்ராசஸர் எங்கே?

"கழற்றிப் போட்டதைத் திரும்பிப் பார்க்காதேன்னு எங்க பெரியப்பா சொல்வார், டீச்சர். அதுக்கு முன்னாடி இன்னும் ஏதோ சொல்வார். அது ஞாபகம் இல்லை."

"முக்கியமானதை விட்டுட்டீங்க சார்," என்றார் ராஹிலா.

தெய்வச்சிலைக்கு ஐம்பது நெருங்குகிறது. டீச்சருக்கு முப்பத்திரண்டு. அவர் நடத்தும் மாலை வகுப்பில்தான் தெய்வச்சிலை கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டக் கற்றார்.

மேசைமேல், தெய்வச்சிலை சுமந்து வந்த பத்து வருஷத்துக் கம்ப்யூட்டர் பெட்டி. உள்ளே புது ப்ராசஸர். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"மூணு நாளா மல்லுக்கட்டறேன். இது ஓடினாத்தான் வீட்டிலிருந்து வரைபட வேலை எடுக்க முடியும்."

"ஆபீஸ்?"

"விட்டுட்டேன். பதினெட்டு வருஷம் சர்வே பிரிவைப் பார்த்தவன் நான். நேத்து வந்த பொண்ணைத் தலைமையில உட்கார வச்சாங்க. சாவியை வச்சேன், வந்துட்டேன். யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை."

அவருடைய போன் அதிர்ந்தது. கவிழ்த்து வைத்தார்.

"அந்தப் பொண்ணா?"

"தமயந்தி. தினம் நாலு தடவை. குளத்துக்கரை வரைபடத்துல என் குறிகள் புரியலையாம். மழைக்குள்ள கரையை உயர்த்தணுமாம்." கண்களைத் தேய்த்துக்கொண்டார். "கோபப்படக்கூட இப்போ தெம்பில்லை, டீச்சர்."

ராஹிலா பெட்டியைத் திறந்தார். ப்ராசஸரைக் கழற்றி விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.

"இது நல்லா இருக்கு. இதை மாட்டுற மதர்போர்டும் நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன?"

"போர்டு செஞ்சப்போ இது பிறக்கவே இல்லை. யாருன்னு அதுக்குத் தெரியலை. போர்டுக்குள்ள பயாஸ்னு ஒரு சின்ன ப்ரோக்ராம் இருக்கே, அதைப் புதுப்பிச்சாத் தெரிஞ்சுக்கும்."

"புதுப்பிச்சிடுங்க."

"போர்டு ஓடினாத்தானே?" கையை நீட்டினார். "பழசு எங்கே?"

தெய்வச்சிலை சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "காயலான் கடைக்குன்னு வச்சிருந்தேன்."

"சுண்டல் மாதிரி மடிச்சிருக்கீங்க. வகுப்புல நல்லாத் தூங்கியிருக்கீங்க."

ராஹிலா அதைத் துடைத்து மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. புது பயாஸ் இருந்த பென் டிரைவைச் செருகினார். நீலக் கோடு ஒன்று மெல்ல நகர ஆரம்பித்தது.

"கை வைக்காதீங்க. பாதியில நின்னா போர்டே போயிடும்."

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இனிமே பழசுதான் ஓடணுமா, டீச்சர்?"

"வேண்டாம். புதுசைத் தெரிய வைக்கிற வரைக்கும் இருந்தாப் போதும். அப்புறம் எடுத்துடலாம்."

"அதை விட்டா வேற வழி?"

"இந்த போர்டுல இல்லை."

கோடு முடிந்தது. ராஹிலா பழையதைக் கழற்றினார். புதியதை மாட்டினார். திரையில் அதன் பெயர் வந்தது.

"பெட்டியைத் தூக்கிட்டுப் போகலாம் சார்."

தெய்வச்சிலை எழுந்திருக்கவில்லை. அந்தப் பெயரைப் பார்த்தபோது, பெரியப்பா முதலில் சொல்வது ஞாபகம் வந்தது: 'புதுசு ஓடுதான்னு பாரு.'

மறுநாள் முதல் பத்து நாள் ஆபீஸுக்குப் போய்த் தன் குறிகளையெல்லாம் தமயந்திக்கு விளக்கிவிட்டு வருவதென்று முடிவு செய்தார்.